சித்தப்பாவுக்கு அருள் வந்த பங்குனி

நம்மோடு ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். மண்பானை, கம்பங்கூழ், பக்கத்தில் பொக்கை வாயோடு சிரிக்கிற ஒரு கிழவர். ‘விஷமில்லாத உணவு உண்ட கடைசித் தலைமுறை நாம்’ என்று கீழே எழுதியிருந்தது. நீங்கள் எல்லாரும் அதற்குக் கும்பிடு போட்டீர்கள், பூ போட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஷமில்லாத தலைமுறையாம்! கீரமங்கலத்துப் பக்கம் பூந்தோட்டத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்த ஒரு ஆளுக்கு இதைச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ. குழுவில் சண்டை எதற்கு என்று அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதென்று யாரும் நடுவில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

எங்கள் வீட்டைச் சுற்றி மல்லி, வேலியோரம் முல்லை, கிணற்றடியில் கொஞ்சம் கனகாம்பரம். விடியுமுன்னே எழுந்து மொட்டுப் பறித்து, ஈரத்துணி போட்டு மூடி, பூ வேனில் ஏற்றிக் கீரமங்கலம் கமிஷன் கடைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வீடுகளிலும் அதே பிழைப்புத்தானே. வெளியூரார் மல்லிகை வாசம் என்றால் கண்ணை மூடி ரசிக்கிறார்கள். எனக்கு அந்த வாசத்துக்கு அடியில் இன்னொன்றும் வரும், அழுகின வெள்ளைப்பூண்டு நாற்றம். நாம் அதை மருந்து வாசம் என்போம். பூவோடு கூடவே பிறந்தது என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் தைப் பொங்கலுக்கு முன்னால் அப்பா பவர் ஸ்பிரேயர் வாங்கி வந்தார். நம் ஊருக்கு வந்த முதல் மிஷின் அது. அதற்கு முன்பெல்லாம் கைப்பம்புதான், ஒரு கை அடித்துக்கொண்டே ஒரு கை குழாயைப் பிடித்துக்கொண்டு போகும். இது முதுகில் மாட்டுவது. கயிற்றைச் சுண்டி இழுத்தால் உறுமும். மேலே மருந்துத் தொட்டி, கீழே பெட்ரோல் டேங்க், பக்கத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அதிலிருந்து மருந்து புகையாகப் பறக்கும். மாட்டுப் பொங்கலுக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கழுத்தில் வேப்பிலை கட்டினார்கள். அந்தச் சத்தம் உங்களுக்கு மறந்திருக்காது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது கிழக்கே உறுமல் கேட்டால் டீச்சர், “மருந்து அடிக்கிறாங்க, ஜன்னலைச் சாத்துங்கடா” என்பார். நாம் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவோம். சாத்துகிற சாக்கில் வேடிக்கை பார்ப்பதற்குத்தான்.

மிஷின் வந்த அட்டைப்பெட்டிக்குள் வேறு சாமான்களும் இருந்தன. உரக்கடைக்காரர் அப்பாவிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாராம். ரப்பர் கையுறை ஒரு ஜோடி, மூக்கையும் வாயையும் மூட ஒரு மூடி, பக்கமெல்லாம் அடைத்த பிளாஸ்டிக் கண்ணாடி. காற்றுக்கு எதிரே அடிக்காதே, வெறும் வயிற்றோடு அடிக்காதே, சட்டையும் செருப்பும் இல்லாமல் இறங்காதே, அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளி, அந்தத் துணியைத் தனியாகத் துவை என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சொன்னது ஒரே வரி.

“தம்பி, காத்தைப் பாத்து அடிச்சுக்கடா.”

கண்ணாடியை அப்பாவே எடுத்துக்கொண்டார். மொபெட்டில் கீரமங்கலம் போகும்போது கண்ணில் தூசி விழுகிறதாம். அதைப் போட்டுக்கொண்டு அவர் போனால் ஊர் நாயெல்லாம் குரைக்கும். மூக்கு மூடியை அம்மா மண் தின்கிற ஆட்டுக்குட்டிக்கு வாய்ப்பூட்டாகக் கட்டிவிட்டாள். கையுறை மட்டும் கொஞ்ச நாள் மாட்டுக்கொட்டகை ஆணியில் பசுவின் மடி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டுப் பார்த்த சித்தப்பா கை புழுங்குகிறது என்று கழற்றிவிட்டார். பிறகு அம்மா அதை வளையம் வளையமாக வெட்டி எனக்கும் தங்கைக்கும் சடைக்குப் போட்டுவிட்டாள். மஞ்சள் நிற ரப்பர் வளையம். நான் ஏதோ சிங்கப்பூர் சாமான் மாதிரி பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? உங்களில் இரண்டு பேர் கெஞ்சி வாங்கிக்கொண்டும் போனீர்கள்.

மிஷினை முதுகில் மாட்டினவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. மெலிந்த ஆள், சிரித்த முகம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தோட்டம் மட்டுமில்லை, ஊர் முழுக்க அவர்தான் அடித்துக் கொடுத்தார். அடைத்துக்கொண்டால் குழாய் முனையைக் கழற்றி வாயில் வைத்து ஊதி, துப்பிவிட்டு, மறுபடியும் மாட்டுவார். கைப்பம்புக்குப் போடுகிற அளவு மருந்துதான், ஆனால் இந்த மிஷினுக்குத் தண்ணீர் குறைவு, அதனால் கரைசல் கெட்டி. தொட்டி மூடியில் இருந்த வாஷர் ஒரு மாதத்திலேயே பிய்ந்துபோனது. அப்பா சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிப் போட்டார். அது பொருந்தவில்லை. நடக்க நடக்க மருந்து தளும்பி முதுகில் இறங்கும். முதுகு உறுத்துகிறதென்று சித்தப்பா நாலாக மடித்த துண்டை மிஷினுக்கும் முதுகுக்கும் இடையில் வைத்துக்கொள்வார். அந்தத் துண்டு மருந்தைக் குடித்துக் குடித்து நாள் முழுக்க முதுகிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

சித்திக்கு அந்த மிஷினைக் கண்டாலே ஆகாது. வாயாடி. எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்கிற ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

“முதுகுல மிஷினு, தலையில கரகம். எனக்குன்னு ஒங்ககிட்ட மிச்சம் என்ன இருக்கு?” என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். சித்தப்பா வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இந்தக் கரகத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வெளியூரில் வளர்ந்த உங்கள் பிள்ளைகள் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். பங்குனியில் அம்மன் கோயில் திருவிழா. ஏரிக்கரையில் குடத்தில் நீர் நிரப்பி, அதன்மேல் மல்லிகைச் சரத்தைக் கூம்பாகச் சுற்றிப் பூங்கரகம் கட்டுவார்கள். அதைத் தலையில் வைத்துக் கோயில் வரைக்கும் சுமந்து வரும் உரிமை எங்கள் வீட்டுக்கு. சுமக்கிறவர் மேல் அம்மன் இறங்க வேண்டும். உடம்பு நடுங்கும், கண் சிவக்கும், கால் தரையில் பாவாது. அதைத்தான் அருள் என்பது. பல வருஷம் அப்பாவைப் பெற்றவர் தூக்கினார். அவர் போன பிறகு அப்பா தமக்கு அந்த வாக்கு இல்லை என்று சித்தப்பாவைக் கைகாட்டிவிட்டார். முதல் வருஷம் சித்தப்பா தூக்கினார். அருள் வரவில்லை. வேர்க்க விறுவிறுக்க, சாதாரண மனுஷனாகவே நடந்து வந்து கரகத்தை இறக்கி வைத்தார்.

பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருவர் அந்த உரிமைக்கு வெகுகாலமாக வாய் ஊறிக்கொண்டிருந்தார். கோயில் வாசலிலேயே கேட்டார்.

“என்னப்பா, ஆத்தா கரகத்தைத் தூக்கிட்டு வந்தியா, கெணத்தடியில இருந்து தண்ணிக் கொடத்தைத் தூக்கிட்டு வந்தியா?”

ஊரே சிரித்தது. ஊர்க்கூட்டம் போட்டு, இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம், அப்பவும் அம்மன் இறங்கவில்லையென்றால் கரகம் பங்காளி வீட்டுக்குப் போய்விடும் என்று முடிவு செய்தார்கள். அப்பா அன்றிலிருந்து பெரியப்பா முகத்தில் விழிப்பதையே விட்டார். ஒரு நாள் குழாய் முனையை ஊதிக்கொண்டிருந்த சித்தப்பா நிறுத்திவிட்டு, பக்கத்தில் நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, “ஏம்மா, எனக்கு வருமா?” என்றார். எனக்கு என்ன தெரியும், வரும் சித்தப்பா என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. அந்த மனுஷனுக்கு உலகத்தில் வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. நிலம் வேண்டாம், நகை வேண்டாம். அம்மன் ஒரு தடவை தன் மேல் இறங்க வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பங்குனியில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துணியில் முடிந்த கயிறு, வலது மணிக்கட்டில். காப்புக் கட்டிவிட்டால் விரதம். மேலே சட்டை கிடையாது, காலில் செருப்புக் கிடையாது, இடுப்பில் ஒரு மஞ்சள் வேட்டி. ஒரு நேரச் சாப்பாடு. தலைக்கு எண்ணெயோ உடம்புக்குச் சோப்போ போடக் கூடாது. காப்பை அம்மன் முன்னால் அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. உரக்கடைக்காரர் எதையெல்லாம் செய் என்றாரோ, அதையெல்லாம் செய்யாதே என்று விரதம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. விரதம் இருக்கிற ஆள் மருந்து அடிக்க வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது? நம் ஆட்கள் அதை மட்டும் கேட்கவே இல்லை.

அந்த வருஷம் மொட்டுப்புழு அப்படி. பறித்த மொட்டெல்லாம் ஓட்டை. திருவிழா நேரம், பூவுக்குக் கிராக்கி. ஆளாளுக்குச் சித்தப்பாவைத் தேடி வந்தார்கள். சித்தி அம்மாவிடம் முறையிட்டாள்.

“அக்கா, நெத்தி வேர்வையே மருந்து நாத்தம் அடிக்குதுக்கா. ராத்திரி தலைவலின்னு சுருண்டு படுக்குறாங்க. கண்ணு மங்கலாத் தெரியுதுங்குறாங்க. காப்பு முடியுற வரைக்குமாச்சும் அந்த மிஷினை எறக்கி வைக்கச் சொல்லுங்கக்கா.”

“வெரதச் சூடுடி. வெயிலு வேற. இன்னும் கொஞ்ச நாளுதானே, பொறுத்துக்க” என்றாள் அம்மா.

சித்தி விடவில்லை. அப்பாவிடமே போனாள். அப்பா மொபெட்டைத் துடைத்துக்கொண்டே, “மொட்டுப்புழு காப்பு முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்குமா?” என்று கேட்டார். சித்தப்பாவோ கையைத் தூக்கிக் காப்பைக் காட்டி, “இது கையில இருக்குறப்ப எந்த மருந்து என்னத்தைச் செஞ்சுரும்? போடி” என்று சிரித்தார்.

கரகம் எடுக்கிற அன்று காலையிலாவது அவர் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருப்பார். பெரியப்பா வாசலில் வந்து நின்றார்.

“ஊருத் தோட்டமெல்லாம் அடிச்ச, எங்க தோட்டத்தை மட்டும் விட்டுட்ட. கரகப் பகையை என் செடி மேல காட்டுறியா?”

அப்படிக் கேட்ட பிறகு ரோஷமுள்ளவன் என்ன செய்வான்? சித்தப்பா மிஷினை மாட்டிக்கொண்டு போனார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உச்சி வெயிலில், இடுப்பளவு மல்லிச் செடிக்குள், வெறும் காலோடு, வெறும் மேலோடு. காற்று சுழற்றிச் சுழற்றி அடித்த நாள் அது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். புகைக்குள் அவர் தலை மட்டும் தெரிந்தது. மஞ்சள் வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. முடித்துவிட்டு ஏரியில் மூன்று முழுக்குப் போட்டார். சோப்பு இல்லை. அதே வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு கரகம் ஜோடிக்கிற இடத்துக்கு வந்தார்.

அங்கே பூசாரி கரகத்துக்குக் கடைசிச் சரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் மேளத்தை வெயிலில் காய வைத்து முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஈரத்தோடு வந்து நின்றார். நின்றவருக்குத் திடீரென்று தோள் துடித்தது. பிறகு கை. தொடைச் சதை தனியாக ஓடுகிற மாதிரி துள்ளியது. வேர்வை கொட்டியது. வாய் ஓரத்தில் எச்சில் நூலாக இறங்கியது.

“வந்துருச்சு! ஆத்தா வந்துருச்சு!” என்று யாரோ கத்தினார்கள்.

மேளம் வெடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அப்பா ஓடி வந்து தம்பி காலில் விழுந்தார். தம்பி காலில்! எழுந்தபோது அவர் முகமெல்லாம் கண்ணீர். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் நாமெல்லாம் முன்வரிசையில் நின்றோம், நீங்களும் பார்த்தீர்கள். அப்பாவைப் பெற்றவருக்கு அருள் வந்தபோது அவர் கண் பெரிதாகி உருளும். அதை நினைத்துக்கொண்டு நான் சித்தப்பாவின் கண்ணைப் பார்த்தேன். நடுவிலிருந்த கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை.

சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

“அத்தான், இது அருள் இல்ல அத்தான். மருந்து ஏறிருச்சு. வேனைக் கூப்பிடுங்க.”

“வாயை மூடு.”

“வாயில நொரை தள்ளுது, பாருங்க அத்தான்!”

“சாமியப் பழிக்காதடி! போ அங்கிட்டு” என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்கள் சித்தியைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்கள்.

கரகத்தைத் தலையில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் தாங்கிக்கொண்டார்கள். அவர் தள்ளாடத் தள்ளாட, ஆத்தா ஆடுறா, ஆத்தா கோவமா வாரா என்று ஊர் கூத்தாடியது. வழியெல்லாம் வீட்டுக்கு வீடு அவர் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். ஒரு திருப்பத்தில் அவர் குனிந்து வாந்தி எடுத்தார். அதையும் மிதிக்காமல் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். கோயில் வாசலில் கரகத்தை இறக்கினார்கள். இறக்கிய கணமே சித்தப்பா அடியற்ற மரமாக விழுந்தார். வேட்டியிலேயே சிறுநீர் போய்விட்டது. திருநீறு பூசினார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள், எழுந்திருக்கவில்லை.

பூ வேன் டிரைவர் வெளியூர்க்காரர். அவர்தான் யாரையும் கேட்காமல் சித்தப்பாவைத் தூக்கி வேனில் போட்டார். சித்தி ஏறினாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் ஏறிவிட்டேன், யாரும் இறக்கிவிடவில்லை. அப்பா தடுக்கவில்லை. கரகம்தான் நல்லபடியாக இறங்கிவிட்டதே.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தொடுவதற்கு முன்பே மூக்கைச் சுளித்தார். வேட்டியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். ஊசி மேல் ஊசி போட்டார். நர்ஸம்மா காப்பையும் கத்தரிக்கப் போனபோது சித்தி காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரி என்று மற்றக் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடிய விடிய டாக்டர் வந்து வந்து கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் சித்தப்பா கண் விழித்தார். சித்தியை அடையாளம் தெரிந்தது. தண்ணீர் கேட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“முழிச்சிட்டாருன்னு நிம்மதியா இருந்துடாதீங்கம்மா. இந்த விஷம் தோல் வழியா எறங்கியிருக்கு. விட்ட மாதிரி விட்டு, ரெண்டு மூணு நாள்ல மறுபடியும் அடிக்கும். கழுத்து தளரும், மூச்சு நிக்கும். அந்த நேரத்துல இங்க இருந்தார்னா காப்பாத்தலாம். வெளியில எங்கயும் கொண்டு போகக் கூடாது.”

சித்தி தலையாட்டினாள். கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லடி. வந்துச்சா?”

முந்தின நாள் ஊருக்கு நடுவில் நின்று அருள் இல்லை மருந்து என்று கத்தியவள் இவள். இந்தக் கட்டிலில், எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நெல்லிக்காய் தின்ற என்னிடம் கேட்டபோது இருந்த அதே முகம்.

“வந்துச்சு” என்றாள் சித்தி. “ஊரே பாத்துச்சு. அத்தான் ஒங்க கால்ல விழுந்தாங்க. பெரியவரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு.”

சித்தப்பா அழுதார். சந்தோஷத்தில் தலையணை நனைய அழுதார். அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனுஷனை இந்த அறுபது வயசுக்குள் நான் இன்னொரு தடவை பார்த்ததில்லை. சித்தி அவர் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டே தானும் சிரித்தாள். அந்தப் பொய்யை நான் இன்றைக்கும் பொய் என்று சொல்லக் கூசுகிறேன். என் வாயில் வந்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.

அதற்கு மறுநாள் காலை அப்பா வந்தார், பட்டுத்துண்டும் மாலையுமாக. அன்று மாலை மஞ்சள் நீராட்டு. காப்பு அவிழ்க்க வேண்டும்.

“காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டி ராத்தங்கிட்டான்னு பங்காளி அதுக்குள்ள பேச ஆரம்பிச்சிட்டான். இன்னைக்கு ஆத்தா முன்னாடி அவுக்கலைன்னா எல்லாம் வீண். கெளம்புடா தம்பி.”

“டாக்டரு விடக் கூடாதுன்னு சொன்னாங்க அத்தான். மறுபடியும் அடிக்குமாம். மூச்சு நின்னுருமாம்” என்றாள் சித்தி.

அப்பா பதில் சொல்வதற்குள் சித்தப்பாவே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அருள் வந்த ஒடம்பை என்ன அடிக்கும்? போடி. நீதானே சொன்ன வந்துச்சுன்னு.”

சித்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவர் படுத்துவிடுவார், ஆனால் அதோடு அந்தச் சந்தோஷமும் போய்விடும். அவளால் முடியவில்லை. டாக்டர் வந்து கத்தினார், அப்பாவைக் கொலைகாரன் என்றே சொன்னார். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பல வருஷம் நான் அப்பாவோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அவர் சாகும்வரை ஒரே பதில்தான் சொன்னார். “நல்லாத்தானே பேசினான். நடந்துதானே வந்து வண்டியில ஏறுனான்.”

உண்மைதான், நடந்துதான் வந்தார். ஊர் எல்லையில் மேளதாளத்தோடு நின்றார்கள். தோளில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டு போனார்கள். பெரியப்பா தம் கையாலேயே அவருக்கு மாலை போட்டார். கரகம் இனிமேல் எங்கள் வீட்டைவிட்டு எங்கேயும் போகாது என்று அங்கேயே நின்று சொன்னார். சித்தப்பாவை அம்மன் முன்னால் உட்கார வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பூசாரி காப்பை அவிழ்த்தார். சித்தப்பாவின் தலை மெல்ல முன்னால் சாய்ந்து நெஞ்சைத் தொட்டது.

“பாத்தீங்களா, ஆத்தா முன்னாடி எப்புடித் தலை குனியுறான்” என்றார் அப்பா பூரிப்போடு.

சித்தி பெண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். குனிந்து அவர் மோவாயைக் கையால் தூக்கினாள். கையை எடுத்ததும் தலை மறுபடியும் விழுந்தது.

“கழுத்து நிக்க மாட்டேங்குதுடி” என்றார் சித்தப்பா. குரல் மூக்கால் வந்தது.

“வேனைக் கூப்பிடுங்க! வேனைக் கூப்பிடுங்க!” என்று கத்தினாள். யாரும் நகரவில்லை. அம்மன் இன்னும் மலையேறவில்லை, விடு என்றார் ஒருவர். அருள் வந்தவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்தால் ஊருக்கு ஆகாது என்றார் இன்னொருவர். சித்தி அவர் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“அருளும் வரலை ஒண்ணும் வரலை! எல்லாரும் கேட்டுக்கங்க. முந்தாநேத்தும் வரலை, இப்பவும் வரலை. அது மருந்து! ஒங்க தோட்டத்துக்கு அடிச்ச மருந்து! ஆத்தா இவுக மேல எறங்கவே இல்ல! நான்தான் வந்துச்சுன்னு பொய் சொன்னேன்!”

மேளம் நின்றது. அந்த அமைதியில் அவள் குரல் கோயில் சுவரில் பட்டுத் திரும்பியது. அவள் மார்பில் சாய்ந்திருந்தவர் காதிலும் விழுந்தது. அவர் கண் மேலே திரும்பி அவளைப் பார்த்தது.

டிரைவர் வேனைக் கொண்டு வந்தார். பின்னால் பூக்கூடைகளைத் தள்ளிவிட்டுக் கிடத்தினார்கள். அப்பா முன்னால் ஏறினார். நான் சித்தியின் காலடியில் உட்கார்ந்தேன். வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சித்தப்பா உதட்டை அசைத்தார். சித்தி குனிந்தாள். மூச்சு இழுத்து இழுத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

“அப்ப... வரலையா?”

சித்தி நிமிர்ந்து டிரைவரைப் பார்த்து, “வெரசா ஓட்டுங்க, அண்ணே! வெரசா ஓட்டுங்க!” என்று கத்தினாள். சித்தப்பா கண்ணை அவள் மேலிருந்து எடுக்கவில்லை. ஆலங்குடி வருவதற்குள் அவர் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. எனக்கே தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். சித்தி மட்டும், சித்தப்பாவின் தலை விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புதுக்கோட்டை போய்ச் சேரும்வரை டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தாள்.